‘பிடிக்கலைன்னா வேற வேலைக்குப் போ’: கரிசல் மண்ணின் செவிலியர்களும் சாதியும்

(செவிலியர் நாளையொட்டிக் கோவில்பட்டியில் செவிலிய மாணவர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு மே 12. காலையிலிருந்து உங்கள் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் வெள்ளை உடுப்பு, கையில் விளக்கு, கீழே ‘நடமாடும் தெய்வங்கள்’ என்று ஒரு வரி போட்ட படம் வந்திருக்கும். அந்தப் படத்தை அனுப்பியவரிடமே போய், “எனக்கு இந்த வேலையை விட்டுடலாம்னு இருக்கு, ராத்திரி தூக்கமில்ல, சம்பளம் கட்டுப்படியாகல” என்று சொல்லிப் பாருங்கள். “பிடிக்கலைன்னா வேற வேலைக்குப் போக வேண்டியதுதானே?” என்பார். தெய்வம் என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொல்லும்.

இந்தக் கூட்டத்துக்கு வருவதற்கு முன்னால் சில செவிலியத் தோழர்களிடம் பேசினேன். வெவ்வேறு இடத்தில் வேலை பார்ப்பவர்கள். ஆனால் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “நான் இதை விட்டுட்டு வேற எதுக்காவது போகலாமா?” ஒருவர் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறார். ஒருவர் மெடிக்கல் கோடிங் படித்துச் சென்னைக்குப் போகப் பார்க்கிறார். ஒருவர் ஜெர்மன் மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறார். இன்னொருவர், “தையல் மிஷின் வாங்கி வீட்டுலயே உக்காந்துரலாமான்னு தோணுது” என்றார். மூன்று வருடம், நான்கு வருடம் படித்துப் பதிவு பெற்ற செவிலியர் அவர்.

இதை ‘மன அழுத்தம்’ என்று பெயர் வைத்து, யோகா செய், தியானம் செய் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த அதிருப்தி ஒரு தனி மனுஷியின் மனதில் முளைத்தது இல்லை. நம் சமூகம் அந்த வேலையை எந்தப் படியில் வைத்திருக்கிறதோ அந்தப் படியிலிருந்து வருவது. இதை மட்டும்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

முதலில், நம் பகுதிப் பெண்கள் இந்தப் படிப்புக்கு எப்படி வருகிறார்கள் என்று பார்ப்போம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, ஓட்டப்பிடாரம். எல்லாம் மானாவாரிக் கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் உளுந்து, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய். பெய்யாவிட்டால் கடன். அந்த நிலமும் எல்லோருக்கும் கிடையாது. நிலமுள்ள சாதிக்கு அது வெள்ளாமை, நிலமில்லாத சாதிக்குக் கூலி. அந்தக் கூலி வீட்டில் பிறந்த பெண்பிள்ளைக்கு மூன்று கதவுகள் இருந்தன. ஒன்று தீப்பெட்டி ஆபீஸ். விடியுமுன் பஸ் வந்து ஊரூராகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலத்தை உங்கள் அம்மாக்களிடம் கேளுங்கள், சொல்வார்கள். இரண்டாவது பஞ்சாலை. உள்ளூர் மில் போக, சுமங்கலித் திட்டம் என்று மங்கலகரமான பெயர் வைத்து, திண்டுக்கல், கோவை, திருப்பூர்ப் பக்கம் விடுதியில் பூட்டி வைத்து வேலை வாங்கிய கதை நமக்குத் தெரியும். மூன்றாவது கதவுதான் நர்சிங்.

பெட்டி ஒட்டிய காசு, கட்டை அடுக்கிய காசு, குழுக் கடன், அடகு வைத்த தோடு, கல்விக் கடன், ஆதிதிராவிட மாணவர் உதவித்தொகை, இப்போது புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய். இத்தனையும் சேர்ந்துதான் ஒரு பெண்ணின் உடம்பில் வெள்ளைக் கோட்டாக ஏறுகிறது. ஆகவே “வேற வேலைக்குப் போ” என்று சொல்கிறவர், அந்தப் பெண்ணை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. ஒரு குடும்பம் இருபது வருடம் சேர்த்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போ என்கிறார்.

சரி, நர்சிங் ஏன் நமக்குத் திறந்த கதவாக இருந்தது? டாக்டர் படிப்புக்கு அவ்வளவு பூட்டுப் போட்டவர்கள் இதை மட்டும் ஏன் திறந்து வைத்தார்கள்? பரந்த மனப்பான்மையா?

அதற்குக் கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி வருவதற்கு முன்னால் நம் ஊர்களில் பிரசவம் பார்த்தது யார்? மருத்துவச்சி. பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள். ராத்திரி எந்நேரம் ஆள் வந்தாலும் போக வேண்டும். பேறுகாலம் பார்த்து, தொப்புள்கொடி அறுத்து, நஞ்சுக்கொடி எடுத்து, தீட்டுத் துணி வரைக்கும் அவர்கள் கைதான். உயிர் போகிற நேரத்தில் “தாயே” என்று கும்பிட்ட வீடு, பிள்ளை அழுத சத்தம் கேட்ட பிறகு அவளைத் திண்ணைக்கு வெளியே நிற்க வைத்துத்தான் தானியம் போட்டது. அவள் கையில் இருந்தது ஒரு அறிவு. தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு. ஆனால் இரத்தமும் மலமும் தொடுகிற கை என்பதால் அந்த அறிவுக்குப் பெயர் ‘தீட்டு வேலை’.

ஆங்கிலேயர் காலத்தில் மருத்துவமனை வந்தபோதும் இந்தக் கணக்கு மாறவில்லை. அந்நியன் உடம்பைத் தொட வேண்டும், பீ மூத்திரம் அள்ள வேண்டும், ராத்திரியில் ஆண்கள் நடமாடும் இடத்தில் வேலை செய்ய வேண்டும். எந்தச் சாதி இந்து வீடு பெண்ணை அனுப்பும்? மிஷன் மருத்துவமனைகள்தான் செவிலியர்களைப் பயிற்றுவித்தன. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். நம் மாவட்டத்திலேயே நாசரேத்தில் மிஷன் மருத்துவமனை பழமையானது. அங்கெல்லாம் வந்து சேர்ந்தவர்கள் யார்? கிறித்தவத்துக்கு மாறிய ஒடுக்கப்பட்ட சாதி வீட்டுப் பெண்கள், விதவைகள், அனாதை விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகள். தீட்டுக் கணக்கில் இழப்பதற்கு ஏதுமில்லாதவர்கள் என்று சமூகம் முடிவு செய்து வைத்திருந்தவர்கள்.

சுதந்திரத்துக்குச் சற்று முன்னால், 1946-இல் போர் குழு அறிக்கை வந்தது. நாடு முழுக்கச் சுமார் 7,000 செவிலியர்கள்தான் இருக்கிறார்கள் என்று அது கணக்கிட்டது. 6,300 பேருக்கு ஒரு மருத்துவர், ஆனால் 43,000 பேருக்கு ஒரு செவிலியர். மற்ற நாடுகளில் டாக்டரைவிடச் செவிலியர் எண்ணிக்கை பல மடங்கு இருக்கும். இங்கே தலைகீழ். எதைத் தொட்டால் மரியாதை, எதைத் தொட்டால் தீட்டு என்கிற மனு கணக்குக்கும் இந்தத் தலைகீழ் எண்ணுக்கும் தொடர்பே இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இந்த இடத்தில் அண்ணல் அம்பேத்கரை நினைக்க வேண்டும். சாதி என்பது வேலைப் பிரிவினைதானே, எல்லா நாட்டிலும் உள்ளதுதானே என்று வாதாடியவர்களுக்கு அவர் 1936-இல் பதில் சொன்னார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்குகிறது என்பது அந்தப் பதிலில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி. அதையொட்டி அவர் சொன்ன இன்னொன்றை நாம் அதிகம் பேசுவதில்லை. ஒரு வேலையை இழிவு என்று முத்திரை குத்தி ஒருவர் தலையில் கட்டினால், அவருக்கு அந்த வேலையிலிருந்து தப்பிக்க வேண்டும் என்ற எண்ணம்தான் வரும். மனசும் மூளையும் ஒட்டாத வேலையில் திறமையை எப்படி எதிர்பார்ப்பீர்கள் என்று கேட்டார். தொழில் அதிருப்தி பற்றி இன்றைக்கு மேலாண்மைப் படிப்பில் பாடம் நடத்துகிறார்கள். அம்பேத்கர் எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முன்னாலேயே அதன் வேரைச் சுட்டிக் காட்டிவிட்டார்.

இப்போது வார்டுக்குள் வருவோம். பொது மருத்துவமனை வார்டில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர். இது இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த அளவு. இங்கே இருக்கிற செவிலியத் தோழர்களைக் கேட்கிறேன். நேற்று நைட் டூட்டியில் உங்களிடம் எத்தனை பேர் இருந்தார்கள்? சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பே பதில்தான்.

ஒருத்திக்கு டிரிப்ஸ் முடிகிறது. ஒருத்தருக்குக் காய்ச்சல் ஏறுகிறது. ஒருவரின் மகன் “டாக்டர் எப்ப வருவாரு?” என்று கத்துகிறான். கேஸ் ஷீட் எழுத வேண்டும், மருந்துக் கணக்கு எழுத வேண்டும். டாக்டர் மேல் உள்ள கோபத்தை, பில் மேல் உள்ள கோபத்தை, மருந்து இல்லை என்கிற கோபத்தை ஜனங்கள் யாரிடம் காட்டுவார்கள்? கைக்கு எட்டுகிற ஆளிடம். டாக்டரை “சார்” என்கிற அதே ஆள், செவிலியரைப் பார்த்து “ஏ நர்சு” என்கிறார். தவறு நடந்தால் விளக்கம் கேட்டு மெமோ முதலில் வருவது யாருக்கு? நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் இருப்பவர் அவர்தான். ஆனால் சிகிச்சை பற்றிய எந்த முடிவிலும் அவர் பேச்சுக்கு இடமில்லை. பொறுப்பு முழுக்க உண்டு, அதிகாரம் துளியும் கிடையாது. மனிதரை நொறுக்குவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை.

கிராமத்துக்குப் போனால் அங்கே கிராம சுகாதார செவிலியர். 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு செவிலியர் என்பது கணக்கு. தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, வீடு வீடாகப் போவது, அதற்கு மேல் பிக்மி பதிவேற்றம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம் வங்கிக் கணக்குக்கு வரத் தாமதமானால், கோட்டையில் இருக்கிறவரையா திட்டுவார்கள்? வீட்டு வாசலுக்கு வருகிற நர்சம்மாவைத்தான். அந்த நர்சம்மா தலித் பெண் என்றால் இன்னொரு பாடு இருக்கிறது. ஊருக்குள் வாடகைக்கு வீடு கேட்டால் “எந்த ஊரு, எந்தத் தெரு, அப்பா பேரு என்ன?” என்று மூன்று கேள்வியில் சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வீடு காலியில்லாமல் போய்விடும். குழந்தைக்கு ஊசி போட மட்டும் அந்தக் கை வேண்டும். கொடுத்த டம்ளரில் தண்ணீர் குடிக்கவா வேண்டாமா என்று யோசித்து நிற்கிற கையும் அதே கைதான். இந்தத் தயக்கத்தை எந்த மனநல ஆலோசகரின் கேள்வித்தாளில் எழுதுவது?

தனியார் மருத்துவமனைகளில் கதை வேறு. அங்கே நிறைய இடத்தில் ‘பாண்ட்’ என்று சொல்லி அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு வருடம் முடியுமுன் போனால் பணம் கட்டு என்கிறார்கள். பாண்ட் முறை கூடாது என்று செவிலியர் கவுன்சிலே சுற்றறிக்கை விட்டும் இது நடக்கிறது. நிலமில்லாத வீட்டுக்குச் சான்றிதழ்தான் பட்டா. அதைப் பிடுங்கி வைத்துக்கொள்வது பண்ணையார் பண்ணையாளின் கடன் சீட்டை வைத்துக்கொண்டதற்கு எந்த விதத்தில் வேறு?

அரசு வேலை கிடைத்தால் தீர்ந்துவிடும் என்று நினைப்பீர்கள். அங்கேயும் ஒரு கதை இருக்கிறது. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு நடத்தி 7,243 செவிலியர்களைத் தேர்ந்தெடுத்தது. தேர்வு எழுதி, இடஒதுக்கீட்டு விதிப்படி தேர்வானவர்கள். சம்பளம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து நிரந்தரம் என்று சொல்லப்பட்டது. ஒரே வார்டு, ஒரே வேலை, பக்கத்தில் நிற்கும் நிரந்தரச் செவிலியருக்குப் பல மடங்கு சம்பளம். இரண்டு ஆண்டு முடிந்தும் நடக்காதபோது, 2017 நவம்பர் கடைசியில் ஆயிரக்கணக்கானோர் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் கைக்குழந்தைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். உயர்நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்தது, கலைந்தார்கள். இத்தனைக்கும் அதற்கு ஓராண்டு முன்புதான், 2016 அக்டோபரில், பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில், ஒரே வேலை செய்யும் தற்காலிக ஊழியருக்கும் சம ஊதியம் தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

சம்பளம் பிறகு 14,000 ஆனது, அப்புறம் 18,000 ஆனது. கொஞ்சம் கொஞ்சமாகச் சிலர் நிரந்தரமானார்கள். நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். ஒப்பந்தச் செவிலியர்களை நிரந்தரமாக்குவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் எழுதிய கட்சி ஆட்சிக்கு வந்த பிறகும், 2025 டிசம்பரில் அவர்கள் மறுபடி சென்னையில் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. கட்சி மாறியது, கையெழுத்து மாறியது, ஒப்பந்தம் மாறவில்லை.

கொரோனாவை மறந்துவிட முடியுமா? 2020 மார்ச் 22 கைதட்டினோம். மே 3 ராணுவ ஹெலிகாப்டரில் மருத்துவமனைகள் மேல் பூத் தூவினார்கள். அந்தச் சமயம் தமிழ்நாட்டில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்களில் 2,300-க்கும் மேற்பட்டோருக்கு, 2022 டிசம்பர் 31-உடன் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் போராடிய பிறகு, வேறு திட்டங்களில் மறுபடி ஒப்பந்த வேலை தருவதாகச் சொன்னார்கள். புத்தாண்டுப் பரிசு அதுதான். நிரந்தர அரசுப் பெண் ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாத மகப்பேறு விடுப்பு உண்டு. ஒப்பந்தச் செவிலியர்கள் அந்த உரிமைக்காக உயர்நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. மற்றவர் பிரசவத்துக்கு ராத்திரி பகலாக நின்றவளுக்குத் தன் பிரசவத்துக்கு வழக்குப் போட வேண்டிய நிலை.

அதனால்தான் ‘தெய்வம்’ என்கிற சொல்லைக் கண்டால் எனக்குப் பயம். தெய்வத்துக்குச் சம்பளம் தேவையில்லை, தெய்வத்துக்கு முதுகு வலிக்காது, தெய்வம் லீவு கேட்காது. தாய், தெய்வம், தொண்டு என்று ஒரு உழைப்புக்குப் பட்டம் கொடுக்கும்போதெல்லாம் அதன் கூலியில் கை வைக்கப்போகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இனி, கொஞ்சம் கசப்பான ஒன்றைச் சொல்லப் போகிறேன். கோபப்படாமல் கேளுங்கள். செவிலியர் சம்பளம் பற்றிப் பேசும்போது ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது: “துப்புரவுப் பணியாளரைவிட எங்களுக்குக் குறைவு.” பத்திரிகைக்காரர்களும் அதை ஆசையாகப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த வாதத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். எங்களுக்குக் கீழே ஒரு ஆள் இருக்க வேண்டும், அந்த ஆள் எங்களைத் தாண்டிவிட்டார் என்கிற வேதனை இருக்கிறது. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இதுதான். ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் மிதிக்க ஒரு படி கீழே கொடுத்துவிட்டால், மேலே இருப்பவனை யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள்.

வார்டில் இது தினமும் நடக்கிறது. டாக்டர் செவிலியரைப் பார்த்துக் குரல் உயர்த்துகிறார். செவிலியர் ஆயாவைப் பார்த்து, ஆயா துப்புரவுப் பணியாளரைப் பார்த்து. பெட்பேன் கடைசியில் யார் கைக்குப் போகிறது? நம் பகுதியில் அந்தக் கை பெரும்பாலும் அருந்ததியர் கை. அவர்களோ இன்றைக்கு மருத்துவமனை ஊழியர்கள்கூட இல்லை. தனியார் ஏஜென்சியின் ஆட்கள். அவர்களுக்கு ஒப்பந்தச் செவிலியருக்கு இருக்கிற சங்கப் பலமும் கிடையாது. உங்களை “ஏ நர்சு” என்றால் வலிக்கிறதே, உங்களைவிட இருபது வயது மூத்த துப்புரவு அம்மாவை வார்டில் எப்படிக் கூப்பிடுகிறோம்? செவிலியர் சம்பளம் துப்புரவுப் பணியாளர் சம்பளத்தைவிடக் குறைவு என்பது பிரச்சினை இல்லை தோழர்களே. இருவரும் மானத்தோடு வாழ முடியாத சம்பளம் வாங்குவதுதான் பிரச்சினை. நோய்த்தொற்று இல்லாமல் ஒரு வார்டு இருக்கிறதென்றால் அதில் அந்த அம்மாவுக்கும் பங்கு உண்டு. அவரை விட்டுவிட்டு நாம் தனியாகக் கரையேற முடியாது.

அப்படியானால் வேலையை விடக் கூடாதா? விடலாம். தாராளமாக விடலாம். பிறந்த சாதி சொன்ன வேலையைச் செய்துகொண்டே இரு என்பதுதான் மனுநீதி. அதை எதிர்க்கிற நாம், ஒரு பெண் பிடிக்காத வேலையை விட்டுப் போவதைத் துரோகம் என்று சொல்ல முடியாது. “இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வச்சோமே” என்று வீடு சொல்லும். “சேவை மனப்பான்மை இல்லை” என்று ஊர் சொல்லும். ரெண்டையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். போக வேண்டும் என்று முடிவு செய்தால் குற்ற உணர்வில்லாமல் போங்கள்.

ஆனால் எங்கே போகிறோம் என்று கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுப் போங்கள். வெளிநாட்டுக் கதவு பெரியது. உலக அளவில் 2020-இல் சுமார் 59 லட்சம் செவிலியர்கள் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பணக்கார நாடுகள் நம் பிள்ளைகளைத் தேடி வருகின்றன. அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஆள் எடுத்து அனுப்புகிறது. போய்ச் சம்பாதித்து வீடு கட்டியவர்கள் நிறைய. அதே நேரம் 2014-ஐயும் நினையுங்கள். இராக்கின் திக்ரித் நகரில் போருக்கு நடுவே சிக்கிக்கொண்ட 46 இந்தியச் செவிலியர்களில் 45 பேர் மலையாளிகள், ஒருவர் நம் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். படிப்புக் கடனும் ஏஜென்ட் கடனும் கழுத்தை நெரித்ததால்தான் அவர்களில் பலர் போர் நடக்கிற நாட்டுக்கே போனார்கள். கடனை நினைத்துத் திரும்பி வரவே தயங்கியவர்களும் இருந்தார்கள்.

கடல் தாண்டிச் சம்பாதித்தால் சாதி போய்விடுமா? ஓட்டப்பிடாரம் பக்கம் இருக்கிற கொடியன்குளத்தைக் கேளுங்கள். வளைகுடா போய் உழைத்துத் தலைநிமிர்ந்த தேவேந்திரகுல மக்களின் ஊர். 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியது. டிவிப் பெட்டி, பாத்திரம் பண்டத்தோடு பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழும் அழிக்கப்பட்டன. சான்றிதழ்தான் நம் பட்டா என்று சொன்னேன் அல்லவா? அது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. வெளியே போவது ஒரு வழி. ஆனால் போனவர் பணம் அனுப்புகிற ஊர் மாறாமல் இருந்தால், அந்த வழி பாதியில் நின்றுவிடும்.

இன்னொன்று. நீங்கள் விட்டுப் போன இடம் காலியாக இருக்காது. இன்னும் கடன்பட்ட வீட்டிலிருந்து, இன்னும் குறைந்த சம்பளத்துக்கு இன்னொரு பெண் வருவாள். சில சிறிய மருத்துவமனைகள் ஆறு மாதம், ஒரு வருடச் சான்றிதழ் வகுப்பு முடித்த பிள்ளைக்கு உடுப்பு மாட்டிவிட்டு நர்ஸ் என்று நிறுத்துகின்றன. நோயாளிக்கும் ஆபத்து, அந்தப் பிள்ளைக்கும் ஆபத்து. அங்கே போய் ஊசி போட்டுக்கொள்ளப் போவது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வசதியில்லாத நம் சனங்கள்தான். ஆகவே போகிறவர் போகட்டும். ஆனால் இந்த வேலையை மனிதர் செய்யத்தக்க வேலையாக மாற்றுகிற சண்டையை, போகிறவரும் இருப்பவரும் சேர்ந்து போட வேண்டும்.

அந்தச் சண்டை ஜெயிக்கக் கூடியதுதான். பக்கத்துக் கேரளாவில் 2011-இல் செவிலியர்கள் ஐக்கிய செவிலியர் சங்கத்தைக் கட்டினார்கள். தனியார் மருத்துவமனை வாசல்களில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2018 ஏப்ரலில் அந்த அரசு தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்று அறிவிக்க வேண்டி வந்தது. அதற்கு முன்பே, 2016 ஜனவரியில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டு அமைந்த குழு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100-க்கு மேல் இருந்தால் அதில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 என்றால் 25 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50-க்குக் கீழே என்றாலும் 20,000-க்குக் குறையக் கூடாது. வேலை நேரம், விடுப்பு, போக்குவரத்து எல்லாம் அரசுக்கு இணையாக. பத்து வருடத்துக்கு முந்தைய பரிந்துரை இது. இதைச் சட்டமாக்கு என்று கேட்க நமக்கு ஏன் வாய் வரவில்லை?

இளைய தோழர்கள் நாளைக்கே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். அசல் சான்றிதழை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் கொடுங்கள். நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் கேட்டு வாங்குங்கள். 10 பேர் வேலை பார்க்கிற இடத்தில் இஎஸ்ஐ உண்டு, 20 பேர் இருந்தால் பிஎஃப் உண்டு. பிடித்தம் செய்கிறார்களா, கட்டுகிறார்களா என்று பாருங்கள். 10 பேருக்கு மேல் உள்ள இடத்தில் பாலியல் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இல்லை என்றால் அதையே புகாராக எழுதுங்கள். நைட் டூட்டி முடிந்து ஊருக்குப் போக வண்டி கேளுங்கள். மகளிர் இலவசப் பேருந்து நல்ல திட்டம்தான், ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் விளாத்திகுளத்துப் பட்டிகளுக்கு எந்தப் பஸ் போகிறது?

செவிலியராக இல்லாத தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உங்கள் அப்பத்தாவைச் சேர்க்கும்போது “ஏ நர்சு” என்று கூப்பிடுகிற சித்தப்பாவைத் தடுத்து நிறுத்துங்கள். நம் ஊருக்கு வருகிற கிராம செவிலியருக்கு யாரும் வீடு தரவில்லை என்றால், ஊர்க் கூட்டத்தில் அதைக் கேளுங்கள். கோவில்பட்டி அரசு மருத்துவமனை மாவட்டத் தலைமை மருத்துவமனை. அதில் எத்தனை செவிலியர் இடம் அனுமதிக்கப்பட்டது, எத்தனை காலி, எத்தனை ஒப்பந்தம், துப்புரவுப் பணி எந்த ஏஜென்சியிடம், அவர்களுக்குக் கையில் கிடைப்பது எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. பதில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு இதே இடத்தில் மறுபடி கூடுவோம்.

செவிலியத் தோழர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்று ராத்திரி டூட்டிக்குப் போகிறவர்கள், உங்கள் வார்டில் எத்தனை நோயாளி, எத்தனை செவிலியர், எத்தனை ஆயா, எத்தனை துப்புரவுப் பணியாளர் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். தினமும் எழுதுங்கள். அடுத்த முறை யாராவது “பிடிக்கலைன்னா வேற வேலைக்குப் போ” என்றால், அந்த நோட்டை எடுத்து அவர் முன்னால் விரியுங்கள். ஆயாவையும் துப்புரவு அம்மாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு விரியுங்கள்.

ஜெய் பீம்.